வீட்டுக் கணினியை மாற்றப்போகிறீர்களா? 'மினி பிசி' வாங்குமுன் இதையெல்லாம் யோசியுங்கள்

மேசைக்கு அடியில் அந்தப் பெரிய கறுப்புப் பெட்டி இன்னும் இருக்கிறதா?

நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது வாங்கியதாக இருக்கும். இப்போது உங்களிடம் மடிக்கணினி இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால் வீட்டில் அந்தப் பெட்டிக்கு வேலை குறையவில்லை. அப்பா வங்கிக் கணக்கைப் பார்ப்பது அதில்தான். அம்மா பெரிய திரையில் யூடியூப் பார்ப்பது அதில்தான். தங்கையின் வீட்டுப்பாடம் அச்சாவதும் அதிலிருந்துதான்.

கொஞ்ச நாளாக அது திரையில் ஒரு செய்தியைக் காட்டிக்கொண்டே இருக்கிறது: விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. "என்னமோ வருது பாரு, புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேள்வி உங்களிடம்தான் வரும். வீட்டில் 'ஐடி டிபார்ட்மென்ட்' நீங்கள்தானே!

பிடோக் மாதிரியான வட்டாரத்தில் வீவக வீட்டுப் படிப்பு மேசை எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும். அதனால் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய 'மினி பிசி' எனும் சிறு மேசைக்கணினிமேல் இப்போது பலருக்கும் கண். நல்ல யோசனைதான். ஆனால் இணையத்தில் தேடினால் ஒரே மாதிரித் தெரியும் நூறு பெட்டிகள் வந்து நிற்கும். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை நிறுத்தியது. அதனால் கணினி நின்றுவிடாது. வழக்கம்போல் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள், அதுதான் சிக்கல். சீட்டு விளையாட மட்டும் என்றால் பரவாயில்லை. வங்கிக் கணக்கு, மத்திய சேம நிதி, சிங்பாஸ் எல்லாம் திறக்கிற கணினி என்றால் அப்படி விட முடியாது.

காசு செலவழிக்குமுன் ஒரு சின்னச் சோதனை. மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை இறக்கி ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியா இல்லையா என்று அதுவே சொல்லும். பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி (பிராசசர்), டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு இடம் ஆகியவை தேவை.

'தகுதி இல்லை' என்று வந்தால் உடனே நம்பிவிடவும் வேண்டாம். டிபிஎம் வசதி கணினியிலேயே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருப்பது உண்டு. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் இன்டெல் என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடியும் சோதித்தால் பதில் மாறலாம். 10 நிமிட வேலை, சில நூறு வெள்ளி மிச்சம்.

செயலியே பழையது என்றால்? அவகாசம் வாங்க ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் வீட்டுப் பயனீட்டாளர்கள் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதில் காப்புப் பிரதி எடுத்தால் இலவசம். இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர்.

கணினியில் பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்', கூகலின் 'குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ்' இரண்டும் இலவசமாக உள்ளன. உங்களுக்குப் பிடிக்கலாம். ஆனால் 15 ஆண்டாக ஒரே இடத்தில் ஒரே படத்தைக் கிளிக் செய்து பழகிய அப்பாவுக்கு? அவரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேலை நேரத்தில் உங்களுக்குத்தான் ஃபோன் வரும்.

இதெல்லாம் பார்த்தபிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், வாங்க, பெட்டிக்குள் பார்ப்போம்.

சிறிய பெட்டிக்குள் என்ன?

கிட்டத்தட்ட ஒரு மடிக்கணினியின் உள்பாகம்தான். திரை, விசைப்பலகை, பேட்டரி மூன்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்டால் மினி பிசி. இந்த வகையைப் பிரபலமாக்கியது இன்டெலின் 'நக்' கணினிகள். 2023 ஜூலையில் இன்டெல் அந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொள்ள, ஏசுஸ் நிறுவனம் அதைத் தொடர்கிறது. அதன் பிறகு சந்தையில் பெயர் தெரியாத பல நிறுவனங்கள் நிறைந்துவிட்டன.

பெரும்பாலான மினி பிசிகளைத் திரையின் பின்பக்கத்திலேயே திருகி மாட்டிவிடலாம். மேசையில் இடமே பிடிக்காது. உங்கள் திரையின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆனால் அந்த இடத்தைத் திரையின் தாங்கியே பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டையும் ஒன்றாக மாட்ட முடியாது.

ரேம்தான் முக்கியம்

விளம்பரத்தில் செயலியின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டு வேலைக்கு முதலில் பார்க்கவேண்டியது அது இல்லை. ரேம்.

ஒரே நேரத்தில் பிரவுசரில் 12 பக்கம், ஒரு ஸூம் வகுப்பு, ஒரு வேர்டு கோப்பு. சாதாரண ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இப்படித்தான் போகும். 8 ஜிபி ரேம் இதைச் சமாளிக்கும், ஆனால் மூச்சு வாங்கும். இன்று வாங்கி ஐந்தாறு ஆண்டு வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் 16 ஜிபி எடுங்கள். 32 ஜிபி வேண்டுமா? காணொளி எடிட்டிங் செய்யாத வீட்டுக்கு வேண்டாம்.

இப்போதைய கணினியில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க ஆசையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் நினைவகம் எப்போதும் 90 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் உங்கள் பிரச்சினை அதுதான்.

ரேமைப் பற்றி இவ்வளவு பேச இன்னொரு காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு இறுதியில் ரேம் விலை வேகமாக ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். பலர் வீட்டில் பயன்படுத்தும் 'குருஷியல்' ரேம் வணிகத்திலிருந்தே விலகப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. 'இப்போ 8 ஜிபி வாங்கிடுவோம், அப்புறம் ஏத்திக்கலாம்' என்ற பழைய கணக்கு முன்புபோல் மலிவாக முடியாது. போதாக்குறைக்குச் சில மினி பிசிகளில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், ஏற்றவே முடியாது. வாங்குமுன் கேளுங்கள்.

சேமிப்புக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி குறைந்தபட்சம், 512 இருந்தால் நிம்மதி. மிக மலிவான பெட்டிகளில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக 'இஎம்எம்சி' இருக்கும். பெயரைப் பார்த்தாலே தள்ளி வையுங்கள், அது மெதுவானது.

சரி, எந்தப் பெட்டி?

வீட்டுக்கு மூன்று வழி உண்டு.

புதிய மலிவுப் பெட்டி ஒன்று. இவற்றில் பெரும்பாலும் இன்டெல் என்100 அல்லது அதற்கடுத்த என்150 செயலி இருக்கும். மின்சாரம் குறைவு, சூடு குறைவு. யூடியூப், மின்னஞ்சல், வங்கி, ஸூம் எல்லாவற்றுக்கும் போதும். தங்கை நாளைக்குக் காணொளி எடிட் செய்யத் தொடங்கினால் போதாது.

இரண்டாவது, ஆப்பிளின் 'மேக் மினி'. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எம்4 வகை 12.7 செண்டிமீட்டர் சதுரம்தான், 5 செண்டிமீட்டர் உயரம். அடிப்படை வகையிலேயே 16 ஜிபி ரேம் வந்துவிடுகிறது. அறிமுக விலை 599 அமெரிக்க டாலர்; மாணவர்களுக்குக் கல்வி விலையும் உண்டு. வேகத்தில் இந்தப் பட்டியலில் இதற்குப் போட்டியில்லை. ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. அந்த எம்4 வகையில் பழைய, அகலமான யூஎஸ்பி துளையே கிடையாது, எல்லாம் யூஎஸ்பி-சி. வீட்டில் இருக்கும் மவுஸ், பிரிண்டர், தம்ப் டிரைவ் எல்லாவற்றுக்கும் இணைப்பி வாங்கவேண்டும். விண்டோஸிலிருந்து மாறும் பெற்றோருக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

மூன்றாவதுதான் பலர் யோசிக்காதது: அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த மினி பிசி. டெல் 'ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ', எச்பி 'எலீட்டெஸ்க் மினி', லெனோவோ 'திங்க்சென்டர் டைனி' போன்றவை. அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றும்போது இவை சுத்தம் செய்யப்பட்டு மறுவிற்பனைக்கு வரும். நாள் முழுவதும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றில் ரேமையும் எஸ்எஸ்டியையும் ஒரு திருகாணி கழற்றி நீங்களே மாற்றலாம்.

என்னைக் கேட்டால், இணையமும் வங்கியும் ஸூமும் மட்டுமே ஓடும் வீட்டுக்கு முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை.

செயலியின் எண்ணைப் பாருங்கள். 'ஐ5-8500டி' என்றிருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 8தான் தலைமுறை. 'ஐ5-10500டி' என்றால் 10ஆம் தலைமுறை. 'ஐ5-6500டி', 'ஐ5-7500டி' ஆகியவை 6, 7ஆம் தலைமுறை. அவற்றில் சோதனையைத் தாண்டி எப்படியோ விண்டோஸ் 11ஐ ஏற்றி, 'விண்டோஸ் 11 உண்டு' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஓடும்தான். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பது மைக்ரோசாஃப்ட்டின் நிலை. எந்தப் பிரச்சினைக்காக மாற்றினீர்களோ அதே பிரச்சினையை மறுபடியும் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்!

வீட்டில் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இருந்தால் கவலை வேண்டாம். தமிழ் விசைப்பலகை விண்டோஸ் 11, மேக் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை. (தமிழைக் கணினியில் ஏற்றப் பாடுபட்டவர்களில் நம் ஊர் நா. கோவிந்தசாமியும் ஒருவர். முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் நடந்தது சிங்கப்பூரில்தான்.)

எங்கே வாங்குவது?

பிடோக் மாலிலோ அக்கம்பக்கக் கடைத்தொகுதியிலோ புதிய மடிக்கணினிகள் எளிதாகக் கிடைக்கும். மினி பிசி, அதுவும் பழையது என்றால் கொஞ்சம் நகர வேண்டும். பிடோக் நார்த் நிலையத்தில் டௌன்டவுன் ரயில் பாதையில் ஏறினால் ரயில் மாறாமல் ரோச்சோரில் இறங்கலாம். லிட்டில் இந்தியாவுக்கு ஒரு நிலையம் முன்னால். பக்கத்திலேயே சிம் லிம் ஸ்குவேர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் பெரியவர்கள் "அங்கேயா? பார்த்து!" என்பார்கள். காரணம் இருக்கிறது. 2014இல் அங்குள்ள கைத்தொலைபேசிக் கடை ஒன்றில் வியட்னாமியச் சுற்றுப்பயணி ஒருவர் பணத்தைத் திருப்பித் தரும்படி மண்டியிட்டுக் கெஞ்சிய காணொளி உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கடை உரிமையாளருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பேசிய விலை ஒன்று, பிறகு உத்தரவாதம் என்ற பெயரில் கேட்டது இன்னொன்று என்பதுதான் அங்கே நடந்த கதை. ஒரு கடையின் செயலுக்காகக் கட்டடத்தையே ஒதுக்குவது நியாயமில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் ரசீதை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் எங்கே போனாலும் நல்லது. செயலியின் முழு எண், ரேம், சேமிப்பு அளவு, உத்தரவாதம் எத்தனை மாதம் ஆகிய நான்கும் ரசீதில் எழுத்தில் இருக்கட்டும்.

கடையிலிருந்து வாங்குவதற்கும் கரோசெலில் ஒரு தனிநபரிடம் வாங்குவதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு, தெரியுமா?

2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' வர்த்தகர்களிடம் வாங்கும் பொருளுக்குப் பொருந்தும். பயன்படுத்திய பொருளாக இருந்தாலும் பொருந்தும், அதன் வயதையும் விலையையும் கருத்தில் கொள்வார்கள். கையில் வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது கடைக்காரர். பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது முடியாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். இழுபறி என்றால் கேஸ் எனும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

தனிநபர் தனிநபருக்கு விற்பதில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 50 வெள்ளி மலிவாகக் கிடைக்கிறதே என்று வீவக வீட்டின் கீழ்த்தளத்தில் சந்தித்துக் கைமாற்றும்போது இதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடை? சட்டம் காகிதத்தில் இருந்தாலும் துரத்திப் பிடிப்பது கஷ்டம். 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். மின் அடாப்டரையும் பாருங்கள். இங்கே விற்கும் கணினி அடாப்டர்களில் 'சேஃப்டி மார்க்' பாதுகாப்பு முத்திரை இருக்கவேண்டும் என்பது விதி. வெளிநாட்டிலிருந்து நேரே வரும் பெட்டியில் அது இல்லாமல் இருக்கலாம், பிளக்கும் நம் மூன்று கால் பிளக்காக இல்லாமல் இருக்கலாம்.

பெட்டிக்குள் ஒளிந்திருப்பது

பெயர் தெரியாத நிறுவனத்தின் மினி பிசி வாங்குகிறீர்களா? இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், யூடியூபில் கணினிகளை ஆராய்ந்து பேசும் ஒருவர் 'ஏஸ்மேஜிக்' நிறுவனத்தின் சில மினி பிசிகளைச் சோதித்தார. பெட்டியைப் பிரித்தபோதே உள்ளே தீங்கு விளைவிக்கும் மென்பொருள் இருந்தது. கடவுச்சொற்களைத் திருடும் வகையும் அதில் அடங்கும். நிறுவனமும் பிறகு ஒப்புக்கொண்டது.

எல்லாப் பெட்டியும் அப்படி இல்லை. ஆனால் அம்மா அப்பாவின் வங்கிக் கணக்கு திறக்கப்போகும் கணினியில் அந்தச் சந்தேகத்தை வைத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பழையதோ புதியதோ, வீட்டுக்கு வந்ததும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11ஐத் தம்ப் டிரைவில் இறக்கி, சேமிப்பை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். முதலில் அமைப்புகளில் விண்டோஸ் 'ஆக்டிவேட்' ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினியோடு வந்த முறையான உரிமம் என்றால் மறுபடியும் ஏற்றும்போது தானாகவே வந்துவிடும்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

பழைய திரையில் நீல நிற விஜிஏ துளை மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் மட்டுமே உள்ள புதுப் பெட்டியோடு அது நேராகப் பேசாது, இணைப்பி வேண்டும். ஸூமுக்குத் தனிக் கேமரா வேண்டும், மினி பிசியில் இருக்காது. பலவற்றில் ஒலிபெருக்கியும் இருக்காது. அக்கா கல்யாண டிவிடியை இன்னும் ஓட்டிப் பார்க்கும் வீடு என்றால் யூஎஸ்பி டிவிடி டிரைவும் பட்டியலில் சேரும்.

மின்கட்டணம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய பெட்டி 70 வாட், மினி பிசி 15 வாட், நாளுக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 80 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 30 காசு என்றால் 24 வெள்ளி. நல்லதுதான், ஆனால் அதற்காகவே கணினி மாற்றுவதில் அர்த்தமில்லை.

குறைந்த வருமானக் குடும்பம் என்றால் வாங்குமுன் 'டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம்' திட்டத்தைப் பாருங்கள். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023இல் தொடங்கியது. மினி பிசி கிடைக்காது, ஆனால் மடிக்கணினி அல்லது கைக்கணினியும் இணையச் சேவையும் சலுகை விலையில் கிடைக்கும்.

பழைய பெட்டியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலையிலிருந்து, புதிய கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கடை, நீங்கள் கேட்டால் பழையதை இலவசமாக எடுத்துச்செல்லவேண்டும் என்பது விதி. 300 சதுர மீட்டருக்குமேல் பரப்பளவுள்ள மின்சாதனக் கடைகளிலும் பழைய கணினியைக் கொடுக்கலாம்.

கொடுக்குமுன் ஒரே ஒரு வேலை. படங்களை எடுத்துக்கொண்டபிறகு, பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் நான்கு திருகாணி, இரண்டு கம்பி. 10 ஆண்டு வங்கி அறிக்கைகளும் அடையாள அட்டைப் படங்களும் அதில்தான் இருக்கும். கழற்றியதை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டால் அதுவே காப்புப் பிரதி எடுக்கும் டிஸ்க்காகிவிடும்.